மழை இல்லை, ஜன்னல் மட்டும் நனைகிறது: மண்டபம் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நான் ராமநாதபுரத்தில் பதினேழு வருஷமாக அலுமினியம், யூபிவிசி ஜன்னல் வேலை பார்க்கிறவன். இது நடந்த வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், வடகடல் பக்கம், கரைக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். எங்கள் பக்கம் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் அடக்கமாக இருக்கும், அதனால் அந்தப் பக்கம் வீடு கட்டினால் உப்பு குறைவு என்று நினைக்கிறவர்கள் நிறைய. வாடைக்காற்று அடிக்கிற மாதத்தில் வந்து ஒரு வாரம் தங்கினால் அந்த நினைப்பு போய்விடும்.

வீட்டில் நாலு பேர். அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சார், அவருடைய மனைவி, மருமகள், பிறந்து சில மாதமே ஆன குழந்தை. மகன் கனடாவில் எட்மன்டனில் வேலையில் இருக்கிறார். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்றார்கள், அது நியாயம்தான்.

வீடு கட்டி ஆறு வருஷம். வடக்குப் பார்த்த படுக்கையறையில் ஐந்தடிக்கு நாலடி ஸ்லைடிங் ஜன்னல், அலுமினிய செக்‌ஷன், ஐந்து எம்எம் கண்ணாடி ஒற்றை அடுக்கு, வெளியே இரும்பு கிரில். அதைப் போட்டது நான் இல்லை, ஆனால் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாலும் நானும் அப்படியேதான் போட்டிருப்பேன். ஆறு வருஷத்தில் கிரில் துருப்பிடித்ததைத் தவிர வேறு தொந்தரவு இல்லை, இந்தக் கரையில் கிரில் துருப்பிடிப்பதை யாரும் தொந்தரவாகச் சொல்வதும் இல்லை. மண்டபத்தில் உலோக அரிப்பைப் படிப்பதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத கம்பிதான் போட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் குழந்தைக்காக அந்த அறையில் ஒன்றரை டன் ஏசி மாட்டினார்கள். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில், காற்று போய்க் கண்ணாடியில் முட்டும்படி. நான் முதல் நாள் போனபோதே அது என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதே தவிர மண்டையில் ஏறவில்லை.

## அக்டோபர்: புகாரும் என் முதல் தவறும்

அக்டோபர் முதல் வாரம் சார் போன் செய்தார். "தம்பி, மழையே பெய்யல, ஜன்னல் மட்டும் ஒழுகுது. தண்ணி எங்கருந்து வருதுன்னே தெரியல."

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அந்த நேரத்துக்குக் கண்ணாடி காய்ந்து போயிருந்தது, ஆனால் நடந்ததற்கான தடயம் எல்லாம் கிடந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக வெள்ளை வெள்ளையாகக் கோடு, யாரோ சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்த மாதிரி. கீழ் டிராக்கில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி, அதில் மணலும் கறுப்பாக ஏதோ பூஞ்சையும். உள்பக்கம் ஜன்னல் திண்டுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. வெளியே கிரிலின் கால் பதிந்த இடத்திலிருந்து சுவரில் பழுப்பு நிறத்தில் நாலு கோடு. ஷட்டரைத் தள்ளினால் பாதியில் நின்றுவிடுகிறது, ரோலரைச் சுற்றி வெள்ளைப் பொடி. ஒரு ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்க்கலாம் என்று டிரைவரை வைத்தேன், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது.

முந்தின வாரம் ஒரு மழை பெய்திருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் மழைத்தண்ணீர் ஒழுகல் என்று முடிவு கட்டிவிட்டேன். "மழையே பெய்யல" என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் தொழிலில் ஜன்னல் ஒழுகுது என்றால் கை தானாக சிலிக்கான் துப்பாக்கிக்குப் போகும். ஃபிரேமைச் சுற்றி வெளிப்பக்கம் முழுக்க சிலிக்கான் இழுத்தேன். இழுத்த வேகத்தில் கீழ் டிராக்கின் வெளிப்பக்கம் இருக்கும் சின்ன நீள ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டேன். அந்த ஓட்டைகள் டிராக்கில் விழுகிற தண்ணீர் வெளியே போவதற்காக வைத்தது. ஏற்கெனவே மணலும் உப்பும் சேர்ந்து பாதி அடைபட்டுக் கிடந்தது, மீதியை நான் அடைத்தேன். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை இது, ஆனால் செய்தேன்.

நாலே நாளில் மறுபடி போன். இந்தத் தடவை தண்ணீர் டிராக்கில் நிரம்பி உள்ளே வழிந்து மெத்தையின் ஓரத்தை நனைத்திருந்தது. சார் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் டைம் கொடுங்க சார் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

## எட்மன்டனிலிருந்து வந்த யோசனை

அந்த ஒரு வாரத்துக்குள் மகன் வீடியோ காலில் ஜன்னலைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும், "இதுதானே, எங்க வீட்லயும் குளிர்காலத்துல இப்படித்தான்" என்றிருக்கிறார். எட்மன்டனில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது, முப்பது டிகிரி வரை இறங்குகிற நாட்கள் உண்டு. வீட்டுக்குள் சமையல், குளியல், மூச்சு என்று சேர்கிற ஈரம் ஜன்னல் கண்ணாடியில் போய்ப் படும், கண்ணாடி பூஜ்யத்துக்கும் கீழே இருந்தால் உறைபனியாகவே ஒட்டிக்கொள்ளும், வெயில் வந்ததும் உருகித் திண்டில் வழிந்து மரத்தை அழுக வைக்கும். நம்ம ஊரில் உறைபனி பார்க்க வேண்டுமானால் டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா போய்ப் புல்தரையில் பார்க்க வேண்டும். அங்கே படுக்கையறைக்குள்ளேயே வந்துவிடும்.

அங்கே இதற்கு என்ன செய்வார்கள் என்பதை அவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னலின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பிலிமை ஃபிரேமில் ஒட்டி, முடி காய வைக்கிற டிரையரால் சூடு காட்டினால் சுருக்கமில்லாமல் விறைத்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் பிலிமுக்கும் நடுவில் அடைபட்ட காற்றே போர்வை மாதிரி வேலை செய்யும். திரையைத் திறந்தே வைக்க வேண்டும், அப்போதுதான் அறையின் சூடு கண்ணாடிக்குப் போய்ச் சேரும். உள்ளே ஈரத்தைக் குறைக்க வேண்டும், குளிர் கடுமையான நாட்களில் 30 சதவீதமோ அதற்கும் கீழேயோ இறக்கி வைப்பார்கள். திண்டில் ஒரு கிண்ணத்தில் உப்பு வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இதில் கடைசியானது பாட்டி வைத்தியம், மற்றதெல்லாம் அந்த ஊருக்கு முழுக்க முழுக்கச் சரியான வைத்தியம்.

மருமகள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பிலிம் ஆன்லைனில் வாங்கி ஒட்டினார், திரையை ஒதுக்கிக் கட்டினார், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கல் உப்பு வைத்தார். சார் வீட்டு அம்மாவுக்கு மட்டும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கடலே அஞ்சு நிமிஷத்துல இருக்கு, இதுல நாம வேற உப்பு வைக்கணுமா?" என்றாராம். காலையில் கிண்ணத்தில் உப்பு பாதி கரைந்து கூழாக நின்றது. சமையலுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகக் கசிய ஆரம்பித்துவிடும், கடல் உப்பில் கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடு அதற்கும் ரொம்ப முன்னாலேயே கசியும். இங்கே ராத்திரி ஈரப்பதம் 80க்குக் கீழே இறங்கினால் அது நல்ல ராத்திரி. ஆக அந்தக் கிண்ணம் ஈரத்தை இழுத்தது உண்மை, இழுத்துத் தீராது என்பதும் உண்மை.

பிலிம்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. ஒட்டின முதல் இரண்டு நாள் கண்ணாடி முன்பைவிடக் காய்ந்தே இருந்ததாம், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் பிலிம் பால் நிறமாக மங்கியது. தண்ணீர் இருந்தது பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், பிலிமின் மேலேயே, கண்ணாடியைப் பார்த்த பக்கத்தில். கைக்கு எட்டாது, காற்றும் போகாது. வாரக் கடைசியில் அடியில் கறுப்பு படர ஆரம்பித்து, நாற்றமும் வந்து, பிய்த்துப் போட்டார்கள்.

## விடியற்காலை நாலரை மணி

நடக்கிற நேரத்தில் போய்ப் பார்க்காமல் இனி எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த ஏசி மெக்கானிக்கிடம் தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கிற துப்பாக்கியை இரவல் வாங்கினேன், சார் வெளியே ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். காற்று விழுந்த ஒரு ராத்திரியாகப் பார்த்து விடியற்காலை நாலரைக்குப் போனேன். கரையில் வள்ளங்களை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

டார்ச்சை அடித்தால் கண்ணாடி முழுக்க வெளிப்பக்கம் வியர்த்து, பெரிய சொட்டுகள் சின்ன சொட்டுகளைச் சேர்த்துக்கொண்டு ஒழுகிக் கீழ் டிராக்கில் விழுந்துகொண்டிருந்தன. உள்பக்கம் கையை வைத்துத் துடைத்தேன், கை காய்ந்தே இருந்தது. மழைத்தண்ணீர் இல்லை என்பது அப்போதே முடிந்துவிட்டது.

அப்புறம் சார் ஒன்று செய்யச் சொன்னார், வாத்தியார் புத்தி. சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். உப்புக் கரித்தது. "கடல் சாரல்தான் சார்" என்றேன். "பொறுங்க தம்பி" என்று ஒரு சுத்தமான துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, கண்ணாடியை நன்றாகத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தார். கால் மணி நேரத்தில் மறுபடி வியர்த்தது. இரண்டாவது முறையும் அதே மாதிரி துடைத்தார், மறுபடி வியர்த்தது. இப்போது நாக்கில் வைத்தால் கரிப்பு ஒன்றுமே இல்லை, சப்பென்று இருந்தது. தண்ணீர் காற்றிலிருந்து வருகிறது, உப்பு ஏற்கெனவே கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் வேறு வேறு என்பதை அந்த ஒரு சொட்டில் காட்டிவிட்டார்.

அளவுகள்: வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 86 சதவீதம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் காற்று தன் ஈரத்தைத் தண்ணீராக இறக்கி வைக்கிற வெப்பநிலை, பாடப்புத்தகத்தில் பனிநிலை என்பார்கள், இருபத்தைந்தரை டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. ஏசி 18ல் வைத்திருந்தது. ஏசி காற்று நேராக முட்டுகிற இடத்தில் கண்ணாடி 21 டிகிரி, முட்டாத ஓரத்தில் 24. இரண்டுமே பனிநிலைக்குக் கீழே. ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதும் இதுவும் ஒன்றுதான், டம்ளருக்குப் பதில் ஜன்னல், அவ்வளவுதான்.

காற்று வீசுகிற ராத்திரிகளில் ஏன் இவ்வளவு வருவதில்லை என்பதும் புரிந்தது. வெளிக்காற்று ஓடிக்கொண்டே இருந்தால் கண்ணாடியைச் சூடாக்கிக்கொண்டே போகும். காற்று விழுந்தால் ஏசிக்குத்தான் ஜெயம்.

எட்மன்டன் வைத்தியம் ஏன் இங்கே திரும்பிக் கடித்தது என்பதும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே ஈரம் வீட்டுக்குள் இருக்கிறது, குளிர் வெளியே. அதனால் பிலிமை உள்பக்கம் சுற்றிலும் இறுக்கி ஒட்டினால் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியிடம் போகவே முடியாது. இங்கே குளிர் வீட்டுக்குள், ஈரம் வெளியே. உள்பக்கம் எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் ஸ்லைடிங் ஜன்னலின் ஷட்டர் சந்து வழியாக வெளிக்காற்று நடு இடைவெளிக்குள் புகுந்துகொண்டே இருக்கும், அங்கே ஏசி குளிரில் விறைத்து நிற்கிற பிலிம்தான் புதுக் கண்ணாடி. பிலிமின் மேல் தப்பில்லை. ஈரம் வருகிற பக்கத்தை முதலில் அடைத்துவிட்டு ஒட்டியிருந்தால் ஓரளவு வேலை செய்திருக்கும். திரையும் அப்படித்தான்: அங்கே திறந்து வைத்தால் கண்ணாடி சூடாகும், இங்கே மூடி வைத்தால்தான் கண்ணாடி குளிராமல் இருக்கும். மருமகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவர் சொன்னது எல்லாத்தையும் தலைகீழா செஞ்சா போதுமாண்ணே?" என்றார். கிட்டத்தட்ட ஆமாம்.

## என்ன செய்தோம், எதை வேண்டாம் என்றோம்

காசு செலவில்லாததை முதலில் செய்தோம், அதற்கே எவ்வளவு பலன் வருகிறது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம் என்று. ஏசியின் பிளேடைத் திருப்பிக் காற்று கண்ணாடியில் முட்டாமல் கூரையை ஒட்டிப் போகும்படி வைத்தோம், 18ஐ 26 ஆக்கி மின்விசிறியை மெதுவாக ஓட விட்டோம், கனமான திரையை மூடினோம். மூன்றாம் நாள் விடியற்காலை சார் அளந்து அனுப்பினார்: கண்ணாடி 26க்கும் 27க்கும் நடுவில், பனிநிலை 25 சொச்சம், காய்ந்த கண்ணாடி. இத்தனைக்கும் நான் இன்னும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. ஜன்னல்காரனுக்கு இது கொஞ்சம் அவமானமான முடிவுதான்.

அப்புறம் என் வேலை. போட்ட சிலிக்கானைப் பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தேன், போட்டதைவிட எடுக்க மூன்று மடங்கு நேரம் ஆனது. கீழ் டிராக்கின் ஓட்டைகளைத் திறந்து, பழைய ஓட்டை ரொம்பச் சின்னது என்பதால் எட்டு எம்எம் பிட் போட்டு இன்னும் இரண்டு அடித்தேன். ஷட்டர்களின் ஊல் பைல், அதாவது ஓரத்தில் ஓடும் அந்தப் பஞ்சுப் பட்டை, உப்பேறிக் கட்டிபட்டுக் கிடந்தது; முழுக்க மாற்றினேன். இரண்டு ஷட்டரும் சந்திக்கிற இடத்தில் வெளிப்பக்கம் ரப்பர் பீடிங் ஒன்று கூடுதலாகக் கொடுத்தேன், வெளிக்காற்று உள்ளே வருகிற பெரிய வழி அதுதான்.

ஸ்க்ரூ விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கடையில் எஸ்எஸ் ஸ்க்ரூ என்று கேட்டால் பெரும்பாலும் 202 தருகிறார்கள், இந்தக் கரையில் அது சீக்கிரமே பழுப்பேறும். 304 பரவாயில்லை, அதுவும் கடல் காற்றில் டீக் கறை மாதிரி நிறம் மாறும். 316ல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். ஜன்னலில் முதலில் இருந்தது வெறும் முலாம் பூசின இரும்பு. அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டு உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது சின்ன பேட்டரி மாதிரிதான்: முலாம் இருக்கும்வரை முலாம் கரையும், அது போனபின் இரும்பு துருப்பிடித்துக்கொண்டே அலுமினியத்தையும் தின்னும். ரோலரைச் சுற்றியிருந்த வெள்ளைப் பொடி அப்படித் தின்னப்பட்ட அலுமினியம். 316 போட்டு, நடுவில் நைலான் வாஷர் வைத்தேன், உலோகத்தோடு உலோகம் தொடாமல் இருக்க.

கழுவுவதுதான் எல்லாவற்றிலும் சிக்கல். கண்ணாடியில் உப்பு இருக்கும்வரை பனிநிலைக்கு மேலேயே அது ஈரத்தை இழுக்கும், அதனால் வாரம் ஒருமுறை கழுவித்தான் ஆக வேண்டும். எந்தத் தண்ணீரில்? அவர்கள் வீட்டு போர் தண்ணீர் உவர், அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைக் கறை. காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் குடம் பிடித்து வைக்கிற ஊரில் ஜன்னலுக்கு ஒரு வாளி ஊற்று என்று யாரிடம் சொல்வது? இதற்கு அம்மாதான் வழி சொன்னார். ஏசியின் டிரெயின் குழாய் கொல்லைப் பக்கம் சொட்டிக்கொண்டே இருந்தது, அதற்கடியில் ஒரு வாளியை வைத்தார். காற்றில் இருந்து இறங்கின தண்ணீர், உப்பே இல்லாதது, ஒரு ராத்திரிக்கு அரை வாளிக்குக் குறையாமல் கிடைத்தது. குடிக்கக் கூடாது, கண்ணாடியும் கிரிலும் துடைக்க அதைவிட நல்ல தண்ணீர் இந்தப் பக்கத்தில் கிடையாது.

வேண்டாம் என்று விட்டவை: இரட்டைக் கண்ணாடி யூனிட் ஒன்றுக்கு மகன் விலை விசாரித்திருந்தார். அது வேலை செய்யும்தான், ஆனால் ஏசி பிளேடைத் திருப்பியே கண்ணாடி காய்ந்துவிட்ட பிறகு அந்தச் செலவுக்குக் காரணம் இல்லை என்று நானே சொன்னேன். ஈரம் உறிஞ்சும் மெஷின் அனுப்பவா என்றும் கேட்டார். சொட்டுவது வீட்டுக்கு வெளியே, அதை உறிஞ்ச வேண்டுமானால் பாக் நீரிணையை உறிஞ்ச வேண்டும். கண்ணாடிக்கு ஏதோ கோட்டிங் அடித்தால் தண்ணீரே ஒட்டாது என்று ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், ஓடி அதே டிராக்கில்தான் விழும்.

## அடுத்த பத்து மாதம்

மழைக்காலம் முழுக்க டிராக்கில் தண்ணீர் தேங்கவில்லை. திண்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி, சுவரை நன்றாகக் காயவிட்டு ஜனவரிக்குப் பிறகு பூசினோம், இதுவரை எழும்பவில்லை. கரண்ட் பில் குறைந்தது. ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்கிறது, இவர்கள் எட்டு டிகிரி கூட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. கிரிலில் துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர், எபாக்ஸி, வெயில் தாங்க மேலே பாலியூரித்தேன் என்று முறையாகத்தான் அடித்தேன். ஆனால் பிரைமர் அடித்த அன்று சாயங்காலம் வாடை கிளம்பிவிட்டது, மறுநாள் காலையில் வந்து மேல் பூச்சை அடித்துவிட்டுப் போய்விட்டேன். ராத்திரி படிந்த உப்பை நடுவில் துடைக்கவில்லை. மார்ச் மாதம் இரண்டு வெல்டிங் முனையில் பூச்சு கொப்பளித்துப் பழுப்பு எட்டிப் பார்த்தது. உப்பின் மேல் அடித்த பெயிண்ட் உப்பைப் பூட்டி வைக்கிற பெயிண்ட். அந்த இடங்களை மட்டும் சுரண்டி, ஏசி தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஒரே நாளில் முடிக்கிற மாதிரி மறுபடி அடித்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

மே மாதம் குழந்தைக்கு வேர்க்குரு. மருமகள் ஏசியை 21க்கு இறக்கிவிட்டார், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலுக்காகப் பிள்ளை வேகவா முடியும்? இரண்டு ராத்திரி கண்ணாடியின் கீழ் மூலை வியர்த்தது, முழுக் கண்ணாடியும் இல்லை. தண்ணீர் புது ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட்டது, அறைக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பிறகு 24ல் வைத்து, காற்றைக் குழந்தையின் பக்கம் வராமல், ஜன்னலின் பக்கமும் போகாமல் பக்கவாட்டில் திருப்பிவிட்டார்கள். 2020க்குப் பிறகு வந்த ஏசிகள் போட்டதும் 24லேயே தொடங்குகின்றன, அவர்கள் அதை மாற்றாமல் விட்டாலே போதும் என்றாகிவிட்டது.

ஜனவரியில் ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே மகன் காலில் வந்தார். அவர் வீட்டு ஜன்னலின் கீழ் ஓரத்தில் விரல் தடிமனுக்கு ஐஸ். சார் கேட்ட முதல் கேள்வி, "ஈரம் உள்ளருந்து வருதா வெளியருந்தா?" உள்ளே துணி காயப் போட்டிருக்கிறேன் அப்பா என்றார் அவர். துணியை எடு, திரையைத் திற, குளியலறை ஃபேனைப் போடு என்று இங்கிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

## இப்போது செய்வதாக இருந்தால்

முதல் நாளே விடியற்காலையில் போயிருப்பேன். பதினொரு மணிக்குப் போய்க் காய்ந்த கண்ணாடியைப் பார்த்து முடிவெடுத்ததில் இரண்டு வாரமும் ஒரு மெத்தையும் போயிற்று. இப்போது யார் ஜன்னல் ஒழுகுது என்று கூப்பிட்டாலும் அந்த அறையில் ஏசி இருக்கா, எந்தச் சுவரில் இருக்கு என்று போனிலேயே கேட்டுவிடுகிறேன். ஏசி மாட்டுகிற பையன்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், முடிந்தால் ஜன்னல் இருக்கிற சுவரிலேயே மேலே மாட்டுங்கப்பா, எதிரே வேண்டாம் என்று. சிலர் கேட்கிறார்கள், சிலருக்குக் குழாய் நீளம் மிச்சமாவதுதான் முக்கியம்.

கரையோரம் புதிதாகப் போடுகிற ஜன்னலாக இருந்தால் ஸ்லைடிங்கே வேண்டாம், கீல் வைத்து வெளியே திறக்கிற மாதிரி போடச் சொல்வேன், அதில் ரப்பர் நாலு பக்கமும் அழுந்தி மூடும், சந்து கிடையாது. கிரிலை ஜன்னலுக்கு உள்பக்கம் வைத்தால் துரு குறையும். சுத்தம் செய்யவும் லேசு.

இந்த ஜன்னலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இடதுபக்கக் கீழ் ரோலர் இன்னும் பாதியில் நிற்கிறது. அந்த செக்‌ஷனுக்குப் பொருந்துகிற ரோலர் இங்கே கிடைக்கவில்லை, மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் போய் மாற்ற வேண்டும்.